கடைசிப் பக்கம் கிழிந்த நாவல்கள்

அன்புள்ள சுகாசினி,

நீ அனுப்பிய இரண்டு நாவல்களும் சிறைக்கு வந்து சேர்ந்தன. அபிப்பிராயம் கேட்டிருக்கிறாய்.

கொலை நாவல் சுத்தப் புளுகு. ஒரே குத்தில் ஆள் சத்தமில்லாமல் சாய்கிறான். எழுதியவன் எவனையும் குத்திப் பார்த்ததில்லை. சிரிப்பு நாவலில் துப்பறிகிறவன் பிணத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வடை தின்கிறான். சிரித்துத் தொலைத்தேன்.

இரண்டிலும் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, வெள்ளைத்தாள் வைத்திருக்கிறாய். ஆத்திரத்தில் புத்தகத்தைச் சுவரில் அடித்தேன். அப்புறம்தான் புரிந்தது. மூன்று வருடமாக நீ ஒன்றைத்தான் கேட்கிறாய். நானும் "நான் இல்லை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன். நாவல் படித்துக்கொண்டே சோற்றை அடிப்பிடிக்க விட்டாய் என்று உன்னை அடித்தேன். அதைக் கேட்கத்தான் உன் அண்ணன் ஜெபகுமார் என்னை ஓரிக்கை ஆற்றுமணலுக்குக் கூப்பிட்டான். பட்டு வெட்டும் கத்தரியால் நான்கு முறை குத்தினேன். அவன் சாயவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, தங்கச்சிய மட்டும் இனிமே அடிக்காதபா" என்றான்.

ஐந்தாவது குத்து அதற்குப் பிறகுதான்.

இந்தப் பக்கத்தைக் கிழிக்காதே. வக்கீலிடம் கொடு.

இப்படிக்கு,
அவன் கடைசியாக "மாப்ள" என்று கூப்பிட்ட ஆள்