வேண்டாம் என்று சொன்ன கஞ்சி

அன்புள்ள ஜெனிதா அப்பாவுக்கு,

கோஹிமாவிலிருந்து கிளாடிஸ். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நம் கணபதிப் பக்கம் வெயில் ஏறியிருக்கும். சர்ச்சுக்கு, பூசைக்கு நடக்காமல் ஆட்டோவில் போங்கள்.

ரிடையரான பிறகு இவ்வளவு தூரம் பாடம் எடுக்க வந்தவளுக்கு, நேற்று ஞானப்பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வீக்கத்தால் பேச வரவில்லை. அதனால் இதை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். காரமும் சூடும் இல்லாமல் குழைவாகச் சாப்பிட வேண்டுமாம்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். சாயங்காலம் விடுதிச் சமையல்கார அம்மா ஆறவைத்த கஞ்சி கொண்டுவந்து, வேண்டுமா என்று கேட்டார். நம் ஊர்ப் பழக்கத்தில் வேண்டாமென்று கையசைத்தேன். உதாரணத்துக்கு உங்கள் அக்கா என்றால், "அட, ஒரு வாய் குடி அம்மிணி" என்று டம்ளரைக் கையில் திணிக்காமல் விடுவாரா? இந்த அம்மா சிரித்துவிட்டுக் கிண்ணத்தோடு போய்விட்டார். நான் பசியோடு அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். இன்று காலை அவர் கேட்குமுன்பே கையை நீட்டிவிட்டேன்.

ஆனாலும் நாக்கு அரிசிம்பருப்புச் சோற்றைக் கேட்கிறது, குழைய மசித்து நெய் விட்டு. மனசோ உட்கார்ந்தால் எழச் சொல்கிறது, எழுந்தால் படுக்கச் சொல்கிறது. கொஞ்சம் ராகி மாவும் வேண்டும். பார்சலில் போட வேண்டாம்.

பல் பிடுங்கப் போகுமுன் போனில், "நா வேணாப் பொறப்பட்டு வரட்டுமா?" என்று கேட்டீர்கள். "வேண்டாங்க" என்று வைத்துவிட்டேன்.

மாத்திரை நேரமாகிவிட்டது. இன்னொரு தரம் கேளுங்கள்.

உங்கள்
கிளாடிஸ்