நீங்கள் தெரிந்தெடுத்த கடைசி ஊர்

இன்று காலை தொழிற்சாலையில் புது அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. மணிக்கூடுகளை அடுக்கி அனுப்பும் பெட்டிகள்தான். கட்டைப் பிரித்ததும் எழுந்த வாசத்தில் எனக்கு வேலை ஓடவில்லை. எங்கள் கலியாண வாழ்க்கை முழுதும் அந்த வாசத்தில்தானே கழிந்தது. ஒரு வீட்டில் பெட்டிகளைப் பிரித்து முடிக்கமுன் அடுத்த ஊர் வந்துவிடும்.

நீங்கள் கானாவிலிருந்து உதைபந்து விளையாட வந்தவர். நான் சுவிஸில், எம்மன்புரூக்கேயில் வளர்ந்த யாழ்ப்பாணப் பிள்ளை. என்னைக் கேட்டு வீட்டுக்கு வந்த அன்று அப்பா உங்கள் முகத்தைப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்: “வருசத்துக்கு வருசம் கிளப் மாறுறவன். இவனை நம்பி எந்த ஊரில இருக்கப்போறாய்?” உங்களுக்கு அப்போது தமிழ் விளங்காது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

அப்பா சொன்னதுதான் நடந்தது. கோல் அடிக்கிறவனை எல்லோருக்கும் தெரியும். மைதானத்தின் நடுவில் நின்று பந்தை வாங்கிக் கொடுக்கிறவனை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? உங்களுக்கு ஒப்பந்தம் ஒவ்வொரு வருடமாகத்தான் கிடைத்தது. சைப்ரஸ், துருக்கி, மறுபடி சுவிஸ். கோடை முழுக்க ஏஜெண்டின் அழைப்புக்காகப் போனும் கையுமாக, பல்கனிக்கும் அறைக்கும் நடந்தபடியே இருப்பீர்கள். இங்கே பாருங்கோ என்பதைத்தான் என் அம்மா அப்பாவிடம் “இஞ்சாருங்கோ” என்பார்; அதைக் கேட்டு, ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்து, நீங்களும் என்னை அப்படியே கூப்பிட்டீர்கள். “இஞ்சாருங்கோ, பெட்டி கட்டுவம்” என்றால் ஊர் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

கடைசியில், மணிக்கூடு செய்யும் இந்தச் சுவிஸ் ஊரான லா ஷோ-து-ஃபோனுக்கு வந்தோம். சின்னக் கிளப், ஏப்ரலிலும் பனி கொட்டும் மைதானம். கால்வலி என்று வைத்தியரிடம் போன இடத்தில் எலும்பில் புற்றுநோய் என்றார்கள்.

அப்பா ரயில் ஏறி அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு வருவார். இருவருமாகப் போனில் ஆட்டம் பார்ப்பீர்கள்.

“தம்பி, நடுவில நிக்கிற இவன் ஏன் ஓடுறான் இல்லை?”

“மாமா, அவன் ஓடத் தேவையில்லை. பந்து ஓடும்.”

அப்பா சிரிப்பார். பிறகு வெளியே வந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைப்பார்.

ஒருநாள் மத்தியானம் என் கையைப் பிடித்தீர்கள். “இஞ்சாருங்கோ, நான் செத்தா இஞ்சயே புதையுங்கோ. கானாவுக்கு அனுப்ப வேண்டாம்.”

“உங்கட அம்மா கேப்பாவே.”

“கேப்பா. ஆனா எனக்குக் களைச்சுப் போச்சு. இனி என்னை எங்கையும் மாத்தாதையுங்கோ.”

ஓம் என்றேன்.

நீங்கள் போன செய்தி கேட்டு உங்கள் அம்மா கானாவின் குமாசியிலிருந்து வந்தார். “என் பிள்ளையைத் தா, தகப்பனுக்குப் பக்கத்தில் கிடக்கட்டும்” என்று ஆங்கிலத்தில் கெஞ்சினார். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். “என் மகன் அப்படிச் சொல்லமாட்டான்” என்று கையை உதறினார். அடக்கம் முடிந்ததும் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் விமானம் ஏறினார்.

போன கிழமைதான் முதல்முறையாக அழைத்தார். “அவன் எப்போதும் அங்கேயே இருப்பானா?” என்று கேட்டார்.

இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. இருபது, இருபத்தைந்து வருடம் முடிந்தால் கல்லை அகற்றி, இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அடக்கத்தின்போது அதைச் சொன்னவர்கள், அந்த நிலையில் நான் கேட்டேனா என்று பார்க்கவில்லை. இப்போது அதையே நினைத்து அந்தரப்படுகிறேன். லீவு நாளிலும் வீட்டில் இருக்க முடிவதில்லை. எழும்பி உங்களிடம் வந்துவிடுகிறேன்.

உங்கள் அம்மாவிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

“அப்போது நான் இருக்கமாட்டேன்,” என்றார். “நீ அவனை என் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாயா, மகளே?”

மகளே என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. அவருக்கும் ஓம் என்றுவிட்டேன்.

எந்த வாக்கைக் காப்பாற்றுவேன் என்று எனக்குத் தெரியாது. இரண்டும் என்னோடுதான் இருக்கின்றன.