ஏழாம் மாடி மின்சாரம்

மார்ச் 6, 2022

இன்று எங்கள் கடலோர ஊர் மினாவில் அரசு மின்சாரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரமாகப் போட்ட கணக்கை முடித்துவிட்டேன்.

தெருவுக்கே தனியார் ஒருவர் மாதக் கட்டணத்துக்கு ஓட்டும் ஜெனரேட்டர்: மாலையில் மட்டும், அதுவும் ஐந்து ஆம்பியர். தங்கை ஹியாமின் காற்று மெத்தையைப் போட்டால் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். புகை நேராக அவள் ஜன்னலுக்கு வருகிறது, இருமல் நிற்பதில்லை. பேட்டரியும் மொட்டைமாடியில் சோலார் பலகைகளும்: சத்தமில்லை, புகையில்லை, மெத்தை இரவெல்லாம் ஓடும். நடக்க முடியாத தங்கைக்குப் படுக்கைப் புண் வராமல் காப்பது அந்த மெத்தைதான்.

பேட்டரி பத்து வருடம் உழைக்கும் என்கிறான் விற்பவன். நான் ஆறு என்று வைத்துக்கொண்டேன். அப்படியும் பேட்டரிதான்.

ஏப்ரல் 19

பொருத்தியாயிற்று. ஜெனரேட்டர் இணைப்பை வெட்டச் சொல்லிவிட்டேன்.

"என்ன இது, துக்க வீடு மாதிரி கம்முனு கிடக்கு? ரேடியோவையாவது வை டீச்சரம்மா" என்கிறாள் ஹியாம். நான் பள்ளியில் வேதியியல் நடத்துவதால் வீட்டிலும் எனக்கு அந்தப் பெயர்தான்.

இருமல் குறைந்திருக்கிறது.

ஏப்ரல் 27

வழக்கம்போல் மாலையில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் சக்கர நாற்காலியோடு அவளை லிஃப்டில் இறக்கினேன். மூலையில் அபூ நிகோலாவின் காப்பிக் கடை. பகடை உருட்டிக் காய் நகர்த்தும் தவ்லா பலகை விரித்தே இருந்தது.

"ஏழாம் மாடி ராணி இறங்கிட்டாங்க! எல்லாரும் சட்டைப் பையைப் பாத்துக்குங்க."

"முதல்ல உன் பகடையைக் காட்டு கிழவா. எப்பப் பாத்தாலும் உனக்கு மட்டும் ஆறும் ஆறும் விழுது."

கடற்கரைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். தோற்றாள், திட்டினாள், சிரித்தாள். நாள் முழுவதும் அவள் காத்திருப்பது இந்த ஒரு மணி நேரத்துக்காக.

மே 21

நான்காம் மாடி ரிஃபாத் வந்தார். "டீச்சர், நீங்க யோசிக்காம ஒண்ணும் செய்ய மாட்டீங்க. எங்களுக்கும் சொல்லுங்க." என் கணக்கைக் கொடுத்தேன். பிரதி எடுத்து மற்ற வீடுகளுக்கும் தந்திருக்கிறார். மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 9

லிஃப்ட் நின்றுவிட்டது.

பழுதில்லை. ஜெனரேட்டர்க்காரர் சொல்லிவிட்டார்: "எல்லாரும் பேட்டரிக்கு மாறிட்டாங்க, இந்தக் கட்டடத்துல இப்ப ரெண்டே வீடுதான் எங்க லைன்ல இருக்கு. லிஃப்ட் குடிக்கிற டீசலுக்கு யார் குடுப்பா, நானா?" நான் மட்டும் திரும்பச் சேர்கிறேன் என்றேன். ஒரு வீடு கூடினால் மட்டும் போதாதாம்.

என் கணக்கில் லிஃப்ட் என்று ஒரு வரியே இல்லை. எல்லார் கட்டணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அது ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவில்லை.

ஜூலை 12

கட்டடத்தார் கூடினோம். லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்சாரத்தை வீட்டு பேட்டரிகள் தாங்காது. தனியாகப் பெரியது வாங்க வேண்டும். "மாடி ஏறுறது உடம்புக்கு நல்லதுதானே" என்ற ரிஃபாத் என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கோடை முடியட்டும், இன்ஷா அல்லா என்று கலைந்தார்கள்.

அரசு மின்சாரம் வரும் நேரத்தில் இறக்கலாமே? பாதி மாடியில் போய்விட்டால்?

ஜூலை 24

நான்கு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்கினார்கள். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது, பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறியது. நாற்காலியைப் பற்றியிருந்த கைகளை எடுத்து அவளால் இழுத்துவிட முடியவில்லை. ஒருவன், பாவம், நல்லெண்ணத்தில்தான், "பியானோவை விட லேசுதான்" என்றான். அவளும் சிரித்தாள்.

மேலே வந்ததும், "இன்னொரு தடவை வேண்டாம்" என்றாள்.

ஆகஸ்ட் 10

இப்போது அபூ நிகோலாவோடு ஆட்டம் தொலைபேசியில். பலகை இங்கே ஒன்று, கீழே ஒன்று. காப்பி, பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கும் கூடையில் ஏறி வருகிறது, பாதி சிந்திவிடுகிறது. அவர் பகடையை அவர் உருட்டிச் சொல்ல வேண்டும், அவளுடையதை அவள்.

"நாலும் ரெண்டும்."

"பொய்! கன்னி மரியாள் மேல சத்தியம் பண்ணு."

"அவங்களை ஏன் சூதாட்டத்துக்கு இழுக்கிற?"

மாடியிலிருந்து தெரு வரை கேட்கிறது சிரிப்பு. இது போதுமா? போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 3

ஐந்து நாளாக அவள்தான் ஜெயிக்கிறாள். வாழ்த்தப் போனேன். பலகையை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவர் வேணும்னே தோக்கறார், மார்லேன்."

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவு காலமாயிற்று!

செப்டம்பர் 4

கூடையை இறக்க வேண்டாம் என்றாள்.

அக்டோபர் 16

"கன்னியாஸ்திரிங்க விடுதியில ஒரு கட்டில் காலியாம். தரைத்தளம். வாசல் தெருவைப் பாத்து இருக்கு."

"யார் சொன்னது?"

"நானே போன் பண்ணிக் கேட்டேன்."

"லிஃப்டுக்கு ஏற்பாடு நடக்குது ஹியாம்."

"எப்ப முடியும்?"

ரிஃபாத் வீட்டுக் கதவை இந்த மாதத்தில் மூன்று முறை தட்டிவிட்டேன். என்ன தேதி சொல்வது? நானே நம்பாததை அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அக்டோபர் 22

நால்வர் நாற்காலியோடு தூக்க, கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாள். மெத்தையும் விடுதிக்குப் போயிற்று.

நவம்பர் 13

விடுதியின் பின்முற்றத்தில் பெரிய ஜெனரேட்டர். மறுபடி இருமுகிறாள். கேட்டால், "குளிருக்கு" என்கிறாள்.

டிசம்பர் 18

லிஃப்ட் ஓடுகிறது. ரிஃபாத்தின் மகனுக்குக் கல்யாணம். பெண் வீட்டு அலமாரி படியில் திரும்பவில்லையாம். பத்தே நாளில் பணம் சேர்ந்து, லிஃப்டுக்கென்று பேட்டரியும் வந்துவிட்டது. என் பங்கையும் கொடுத்தேன்.

மூச்சிரைக்க விடுதிக்குப் போனேன். வராந்தாவில் அபூ நிகோலா பலகையை விரித்து அவள் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் தோற்றுக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் வந்துடுச்சு. வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

அவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஹியாம் என்னைப் பார்த்தாள்.

"மறுபடி நின்னா?"

என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் நிற்காது என்று சொல்லியிருப்பார்கள்.

"சரி விடு, டீச்சரம்மா" என்று என் சட்டைக் காலரைச் சரிசெய்யக் கையை உயர்த்தினாள், எட்டவில்லை. நான் குனிந்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "போடு கிழவா, ராத்திரி ஆயிடும்."

திரும்பி வந்தபோது லிஃப்ட் கீழேயே விளக்கோடு நின்றிருந்தது. ஏறி ஏழை அழுத்தினேன். இடையில் எங்கும் நிற்காமல் கொண்டுபோய் விட்டது.