அவள் போட்ட முடிச்சு

அன்னவாசல்,
ஐப்பசி, 1939

அன்பு மகளுக்கு,

“வாத்தியாரே, ஒங்க மக கல்யாணத்த எந்த ஆபீசுல பதிஞ்சீங்க?” என்று உன் கொழுந்தன்மாரின் வக்கீல் கோர்ட்டில் கேட்டார். “கண்மாய் நெறைஞ்சத எங்கிட்டுங்க பதியிறது? ஊரே பாத்துச்சு” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. பதிவு தேவையில்லை, சடங்கு நடந்ததை மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் சொன்னால் போதும் என்றார். உன் நாத்தனார் சொர்ணம் கூண்டில் ஏறினாள். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, உன் தாலியில் மற்ற இரண்டையும் போட்டவள் அவள்தானே. கூடப் பிறந்தவர்களைப் பார்த்துவிட்டு, “அப்புடி ஒரு கல்யாணமே நடக்கலைங்க” என்றாள்.

அவளை வையாதே. அவள் சாப்பிடுவது அவர்கள் சோறு.

மாப்பிள்ளை இறந்து பதினாறாம் நாள் காரியத்தன்று உன் தாலியை இறக்க ஒருவரும் வராதது ஏன் என்று இப்போது புரிகிறது. இறக்கினால் நீ மனைவி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

திங்கட்கிழமை அவளை மறுபடி விசாரிக்கிறார்கள். அன்றும் இப்படியே சொன்னால் உனக்கு அந்த வீடு இல்லை, வயிற்றுப் பிள்ளைக்குத் தகப்பன் பேரும் இல்லை.

நாளை அவளிடம் போ. அழாதே. அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, “நீங்க போட்ட முடிச்ச நீங்களே அவுத்துருங்க, மதினி” என்று மட்டும் சொல்.

உன் அப்பா