ராபர்ட் பாடிய தாலாட்டும் என் மச்சானும்

ஆகஸ்ட் 6, புதன்

குடிகாட்டுக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து செம்மண்டலத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ராபர்ட் ரசிகர் வாட்ஸாப் குழுவில் மகாயுத்தம். ராபர்ட் எங்கள் கடலூர்க்காரர். புதுச்சேரி ஓட்டல்களில் புளூஸ் ராக் வாசித்தே தலை நரைத்தவர். இப்போது பழைய சினிமாப் பாட்டுகளைத் தன் கிட்டாரோடு தன் போக்கில் பாடி யூடியூபில் போடுகிறார். நேற்றுப் போட்டது ஒரு பழைய தாலாட்டு. ஒரிஜினலில் மூன்றாவது வரி உச்சிக்கு ஏறும். இவர் அதே வரியை அடித்தொண்டைக்கு இறக்கி, மாட்டுவண்டி வேகத்தில் பாடியிருக்கிறார்.

என் மச்சான் ஸ்ரீதர், அதாவது என் மனைவி வினோதினியின் ஒரே தம்பி, சிதம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், “இது தாலாட்டு இல்ல, எழவு வீட்டுப் பாட்டு” என்று எழுதிவிட்டான். அது துயரத்தின் ஆழம், புளூஸின் ஆன்மா என்று நான் பதில் போட்டேன். புளூஸ் எந்த ஊரில் பிறந்தது என்று யாராவது கேட்டிருந்தால் கூகுளைத்தான் கேட்டிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

ஸ்ரீதரை நீக்கு என்றார்கள் சிலர். அட்மின் நான்தானே. கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறது, இந்தக் குழுவில் யாரையும் நீக்க மாட்டேன் என்று எழுதினேன். எழுதியதும் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மச்சான் ஓய்வதாக இல்லை. ராபர்ட்டுக்குத் திமிராம், பெரியவர்கள் போட்ட மெட்டை இஷ்டத்துக்கு இறக்குகிறாராம். கடையில் ஜெராக்ஸே எடுப்பதில்லையா இவன்?

ஆகஸ்ட் 9, சனி

போட்டுவிட்டேன். எங்கள் கல்யாண ரிசப்ஷன் மேடையில் மச்சான் இதே தாலாட்டைப் பாடி, மூன்றாவது வரியில் குரல் கிழிந்த வீடியோ. “ராபர்ட்டுக்கு மார்க் போடும் வித்வான் இவர்தான்” என்று மேலே ஒரு வரி. சிரிப்புப் பொம்மைகள் கொட்டின. சாயங்காலம் ‘ஸ்ரீதர் வெளியேறினார்’ என்று காட்டியது.

ஜெயித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஜெயித்தவனுக்கு வீட்டில் ஆறின உப்புமா.

வினோதினி வீடியோவைப் பார்த்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “அப்பா போனப்பறம் அந்தப் பாட்டப் பாடித்தான் அவன தூங்க வெப்பேன். அதான் மேடையில எனக்காகப் பாடுனான். அதப் போயி ஊரு சிரிக்கப் போட்டுட்டீங்க.”

எனக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பிறகுதான் அடுத்த இடி. செப்டம்பர் நாலாம் தேதி பாப்பாவுக்குக் காதுகுத்து. மச்சான் வர மாட்டானாம், அக்காவிடம் போனில் சொல்லிவிட்டான். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எப்படிக் காது குத்துவது? பத்திரிகையில் தாய்மாமன் என்று அவன் பேர்தான் இருக்கிறது. அடித்துக் கொடுத்ததே அவன் கடையில்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

ஸாரி என்று அனுப்பினேன். ஒற்றை டிக். பிளாக் பண்ணிவிட்டான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

திட்டக்குடியில் வினோதினிக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் மடியில் வைத்துக் குத்திவிட்டால் என்ன என்று, வீட்டில் பெரிய சாணக்கியனைப் போலக் கேட்டேன்.

“எந்தம்பி உசுரோட இருக்கும்போது வேற ஒருத்தன் மடியில எம்புள்ளைய வெக்க மாட்டேன்.”

சாணக்கியன் போய்த் துணி காயப்போட்டான்.

பாட்டுக்காக யாராவது இப்படிக் குடும்பத்தைக் கெடுத்துக்குவாங்களா? நாங்க ரெண்டு பேரும் அதுக்கு மெட்டுப் போட்டதில்ல, வரி எழுதினதில்ல. அவன் சொன்னதுல எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தனா—

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சிதம்பரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் ராபர்ட் கச்சேரி. முன் வரிசையில் ஸ்ரீதர். எழவு வீட்டுப் பாட்டைக் கேட்க டிக்கெட் எடுத்து வந்திருக்கிறான்! நான் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

ராபர்ட் தாலாட்டைப் பாடி முடித்ததும் எங்கள் குழுவின் ஞானசேகரன் சார் எழுந்தார். ரிட்டயர் ஆனதிலிருந்து இசை ஆராய்ச்சிதான் அவர் வேலை. மூன்றாவது வரியை இறக்கியது மரபை மீறும் கலகமா, துயரத்தின் மறுவாசிப்பா என்று ஒரு கட்டுரையையே கேள்வியாகக் கேட்டார். ராபர்ட் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்:

“அந்த எடம் எனக்கு எட்டாது சார். ஏறிப் பாத்தேன், கொரலு கிழிஞ்சிபோச்சி. பாட்ட உடவும் மனசு வரல. அதான் கீழ எறக்கிக்கினேன்.”

அவ்வளவுதான். என் புளூஸின் ஆன்மாவும் போயிற்று, மச்சான் கண்டுபிடித்த திமிரும் போயிற்று. ஸ்ரீதர் திரும்பிப் பார்த்தான். தூணெல்லாம் என்னை மறைக்கிற அளவுக்கு அகலமில்லை.

வெளியே டீக்கடையில் அவனே பக்கத்தில் வந்து நின்றான்.

“மாமா, அந்தாளுக்கும் அதே வரிதான்.”

“தப்பு என்னுதுதாண்டா. அந்த வீடியோவ நான் போட்டிருக்கக் கூடாது” என்றேன். மன்னிச்சுடு என்ற வார்த்தை மட்டும் வாய்வரை ஏறவில்லை. எனக்கும் எட்டாத இடங்கள் இருக்கின்றன போல.

அவன் டீயைக் குடித்து முடித்து, பாப்பாவுக்குத் தோடு வளையமாக வேண்டுமா, கல் வைத்தது வேண்டுமா என்று கேட்டான்.

செப்டம்பர் 4, வியாழன்

குலதெய்வக் கோயில். மச்சான் சீர்த்தட்டோடு வந்தான். முதல் காதுக்கே பாப்பா ஊரைக் கூட்டிவிட்டாள். ஆசாரி இரண்டாவது காதைப் பிடித்தபோது, அவளை மடியில் இறுக்கிக்கொண்டு அவன் அந்தத் தாலாட்டைப் பாடினான். மூன்றாவது வரி வந்ததும் ராபர்ட்டைப் போலவே கீழே இறக்கிக்கொண்டான். குரல் கிழியவில்லை. பாப்பா அழுகையை நிறுத்தவும் இல்லை, இன்னும் ஓங்கித்தான் அழுதாள். வினோதினி முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள். நான் வீடியோ எடுத்தேன்.

வினோதினி என் போனையே பார்த்தாள். வீடியோவை அவனே அனுப்பிக்கொள்ளட்டும் என்று நான் போனை மச்சானிடம் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மச்சான் மறுபடி குழுவில் சேர்த்துவிடச் சொன்னான், சேர்த்தேன். சேர்ந்ததும் நேற்றைய வீடியோவை அவனே போட்டான். “ஒரிஜினல்தான் பெஸ்ட். எனக்கு எட்டாததால் இது” என்று கீழே எழுதியிருந்தான்.

சுருதி சேரவில்லை என்று மூன்று பேர் எழுதினார்கள். மூன்று பேரையும் நீக்கிவிட்டேன். கருத்துச் சுதந்திரம் என்ன ஆயிற்று என்று ஞானசேகரன் சார் கேட்டிருக்கிறார். அவரையும் நீக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.