மாப்பிள்ளையின் குண்டிக்காய்

தாராவி, பம்பாய்
1946, ஆடி மாதம்

அன்பு மருமகள் பேராச்சிக்கு,

உன் மாமியாரிடம் போய்ச் சத்தமாகச் சொல்: உன் புருஷன் குடித்துச் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் உடம்பை அறுத்துப் பார்த்த பெரிய டாக்டர், என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "அண்ணாச்சி, குடிகாரன் ஈரல் இப்படியா பளபளன்னு இருக்கும்?" என்றார். அவர் மராத்திக்காரர்தான். என் காதில் விழுந்தால் எந்தப் பாஷையும் தமிழாகிவிடும்.

கெட்டது குண்டிக்காய், மூத்திரம் பிரிக்கிற சிறுநீரகம். பூதக்கண்ணாடியில் எனக்கே காட்டினார். தொண்டைக் காய்ச்சலை விரட்ட ரத்தத்தில் ஒரு பட்டாளம் கிளம்புமாம். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் போன பிறகும் அந்தப் பட்டாளம் கலையாமல், சொந்தக் குண்டிக்காயையே அடித்து நொறுக்கிவிட்டது. முகம் வீங்கியது அதனால்தான். இங்கிருந்து ஊருக்கு வந்தவர்கள் அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடி என்று சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எரித்தாயிற்றா என்று கேட்டிருந்தாய். குண்டிக்காயில் ஒரு துண்டை மட்டும், டாக்டருக்குப் படிக்கிறவர்களுக்குக் காட்ட, மருந்துத் தண்ணீரில் போட்டுக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறார்கள். அந்த அலமாரியிலேயே பெரிய குப்பி அதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கென்றே கதவைத் திறந்துவிடுவார்கள். நான் போய் ஊர்ச் சேதி எல்லாம் சொல்லிவிட்டு வருவேன். போன வாரம் உன் கடிதத்தையும் மாப்பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன்.

நீ அழுது எழுதியிருந்த இடத்தை மட்டும் என்னால் வாசிக்க முடியவில்லை. அதை நீயே வந்து சொல்லம்மா.

உன் தாய்மாமன்