நெஞ்சுக்குள் திக்ரு

அன்பு உம்மாவுக்கு, உங்கள் மகன் ஸலாமுடன் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகமாக இருக்கிறேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. சலவைக்கூடத்தில் போர்வைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, அல்லாஹ்வின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ரு செய்துகொண்டிருந்தேன். உதடு அசைவதைப் பார்த்த சூப்பர்வைசர், எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்து டாக்டரிடம் அனுப்பிவிட்டார். "யாருகிட்டப்பா லீவு கேட்டுட்டிருந்த? கிடைச்சா எங்களுக்கும் வாங்கிக் குடு" என்று கூட்டாளிகள் ஒரே கேலி.

அன்றிலிருந்து வாப்பாவைப்போல உதடு அசையாமல் நெஞ்சுக்குள்ளேயே சொல்லிப் பார்க்கிறேன். முடியவில்லை உம்மா. கண்ணை மூடினால் வாப்பாதான் வருகிறார். அவரை அடக்கம் செய்தபோது நான் இங்கிருந்து ஊருக்கு வராததைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருக்கிறார்.

அந்த தஸ்பீஹை இங்கே வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நூல் நைந்திருந்தாலும் மாற்றிக் கோக்க வேண்டாம்.

திக்ரு செய்யும்போது நெஞ்சில் அல்லாஹ்வைத் தவிர வேறு யாரும் இருக்கக் கூடாது என்று நமக்கு திக்ரு சொல்லிக்கொடுத்த ஷெய்கு சொல்வாரே, வாப்பா வந்தால் தப்பா என்று அவரிடம் கேளுங்கள். வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. தப்பு என்று அவர் சொன்னால், அதை மட்டும் எனக்கு எழுத வேண்டாம்.

உங்கள் மகன்